எழுந்து நின்றால் நிற்கும் சத்தம்

செய்தி ரோஸி அக்காவின் எண்ணிலிருந்தே வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, நம் ஞாயிறு சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில். அனுப்பியவர் அவருடைய கணவர் பீட்டர். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று இரண்டு வரி. அலுவலக லிஃப்டில் நின்று படித்தேன். முதலில் தோன்றியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்படியானால் பந்தயம்?

குழுவில் இருக்கும் உங்களுக்கு அந்தப் பந்தயம் தெரியும். எட்டு மாதம் எங்களைச் சகித்துக்கொண்டீர்கள். என் சைக்கிளில் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு 'கிர்க்'. பெடல் என்றேன் நான். "நக்கோ மா. சீட்டுக்குக் கீழ இருக்கிற கம்பி," என்று இந்த ஊர் 'நக்கோ'வோடு மறுத்தார் அக்கா. தோற்றவர் இரண்டு சைக்கிள்களின் செயினையும் துடைக்க வேண்டும். ஏ.எஸ்.ராவ் நகர் டீக்கடையில், உங்கள் முன்னிலையில் பேசிக்கொண்டது.

சத்தத்தைத் தேட வண்டியை நிறுத்தக் கூடாது என்பது அவர் கட்சி. "நிப்பாட்டினா அதுவும் வாயை மூடிக்கும். ஓட்டிக்கிட்டே கேளு." மிதிப்பதை நிறுத்தி உருளவிடு. அப்போதும் கேட்டால் சக்கரம். கேட்காவிட்டால் எழுந்து நின்று மிதி. சத்தம் போய்விட்டால் சீட்டு. போகாவிட்டால் பெடல் பக்கம் பார்.

ஒரே ஒருமுறை அவரே அதை மீறினார். மௌலா அலி ஏற்றத்தில் அவர் வண்டியில் 'கிளிங்'. இறங்கினார், வண்டியைக் கவிழ்த்தார், பின்சக்கரத்தைக் கழற்றினார். நாம் சுற்றி நின்றோம். ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார். 'கிளிங்'. சைக்கிள் அசையாமல் கிடந்தது. முதுகுப்பையில் வீட்டுச் சாவி. "ஹவ், ஆமா, சைக்கிள் பாவம். ரிப்பேர் எனக்குத்தான்," என்று அங்கேயே உட்கார்ந்து சிரித்தார்.

என்னிடம் ஞாயிறுதோறும், "நின்னு மிதிச்சுப் பாரேன்டி," என்பார். முட்டி வலி என்பேன்.

இனி உங்களுக்குத் தெரியாதது. நான்காவது மாதம், ஒரு புதன்கிழமை, அலுவலகம் போகும் வழியில் தனியாக நின்று மிதித்தேன். சத்தமில்லை. உட்கார்ந்தேன். 'கிர்க்'. மறுபடி நின்றேன். ஒன்றுமில்லை.

சொல்லவில்லை.

அக்கா என் பின்சக்கரத்தை ஒட்டியே வருவது அந்தச் சத்தத்துக்காக. அதைப் பற்றிப் பேசுவது இரண்டு நிமிடம். மீதி வழியெல்லாம் என் வேலை, என் வாடகை வீடு, திருநெல்வேலியிலிருந்து அம்மா அனுப்பும் மாப்பிள்ளைப் படங்கள். ஒரு படத்தைப் பார்த்து, "இவன் மிதிக்காமலே சத்தம் போடுவான் போல," என்றார். இந்த ஊரில் எனக்கு வேறு யாரிடமும் அவ்வளவு பேச்சு இல்லை. சீட்டு என்று ஒப்புக்கொண்டால் அவர் வேறொருவர் பின்னால் போய்விடுவார். எனக்கு அந்தப் பயம்.

அடக்கம் முடிந்த சனிக்கிழமை லாலாகுடாவில் அக்கா வீட்டுக்குப் போய் பீட்டர் அண்ணாவிடம் இதைச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவளுக்குத் தெரியும்மா."

"எப்படிண்ணா?"

"அந்தப் புதன்கிழமை அவ பஸ்ல உன் பின்னாலதான் வந்தா. நிக்குது, உக்காருது, நிக்குது, உக்காருதுன்னு வீட்ல வந்து நடிச்சே காட்டினா."

"என்கிட்ட கேக்கவே இல்லையே."

"கேட்டா ஒத்துக்குவ. அப்புறம் அவ யார்கூட சண்டை போடுவா?"

சிரித்துவிட்டேன். அவரும். பிறகு இரண்டு சைக்கிளையும் பால்கனிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே செய்தித்தாள் விரித்து, மண்ணெண்ணெய்த் துணியால் இரண்டு செயினையும் துடைத்தேன். முதலில் அக்காவுடையது. "உள்பக்கமும் தேய். விடமாட்டா அவ," என்றார் பீட்டர் அண்ணா. கடைசியில் என் சீட்டுக் கம்பியை உருவி, கிரீஸ் தடவிச் செருகினேன்.

திரும்பும் வழியில் உட்கார்ந்தே மிதித்தேன். சத்தமில்லை. சீட்டுதான், அக்கா.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, நிறுத்தாமல் கேட்பது. அதோடு, தெரிந்ததை உடனே சொல்லிவிடாமல் இன்னும் கொஞ்சம் கூடவே ஓட்டுவது. வரும் ஞாயிறு உங்களில் யார் வண்டியிலாவது சத்தம் வந்தால், எனக்கு முன்னால் போங்கள். நான் பின்னால் வருகிறேன். கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆகலாம்.