இரண்டு முறை வெளிக்கிட்ட பயணம்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். தவணை விடுமுறை முடிந்து, சம்பூரிலிருந்து திருகோணமலை ஆசிரியர் கலாசாலைக்குத் திரும்பினேன். அங்கே நான் விரிவுரையாளர். தனியே போயிருந்தால் இதை எழுதவே தேவையில்லை. என்னுடன் என் மாணவி புவனேஸ்வரியும் வந்தாள். "ஒரு தவணை படிச்சது காணும்" என்று சொல்லி அவளுடைய தகப்பன் கந்தப்பர் படிப்பை நிறுத்தப் பார்த்தார். விடுகிற ஆளா நான்! அவர் வீட்டுக் கதிரையில் நாள்கணக்காகக் குந்தியிருந்து, அவர் வாயாலேயே "ஓம்" வாங்கினேன். கலாசாலை திறக்கும் அன்று நண்பகலுக்குள் வரவு இடாப்பில் கையெழுத்து வைக்காவிட்டால் அவளுடைய இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

காலை ஆறு மணி. கந்தப்பர் மாட்டுவண்டி பூட்டினார். மூதூர்த் துறைக்கு ஏழெட்டு மைல், அங்கிருந்து குடாவைக் கடக்க எட்டரைக்கு மோட்டார்ப் படகு, எங்கள் பேச்சில் லோஞ்சி. வாசற் படலையைத் தாண்டவில்லை, பக்கத்து வீட்டு அன்னம்மாக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எங்க பிள்ளை, பெட்டியும் கையுமா வெளிக்கிட்டிட்டாய்?"

போச்சு! புறப்படும்போது "எங்கே" என்று கேட்டுவிட்டால், எங்கள் பக்கத்தில் பயணம் அவ்வளவுதான். திரும்பி உள்ளே போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துத்தான் மறுபடி கிளம்பவேண்டும். சிலர் அன்றைக்குப் பயணத்தையே விட்டுவிடுவார்கள். அன்னம்மாக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். கந்தப்பர் மாட்டை நிறுத்தினார். இந்த மனுசன் மறிக்க இப்படி ஒரு சாட்டுக்குத்தான் காத்திருந்தாரோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணை, லோஞ்சி நிக்காது" என்றேன்.

"பொறுங்கோ டீச்சர். பிள்ளை முதல் இறங்கட்டும்."

புவனேஸ்வரி அழுகையை அடக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதிரையில் இருந்தாள். கந்தப்பரே செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடி பிள்ளை. அப்பா மறிக்கிறனெண்டு நினைச்சிடாதை. ஒரு குறையுமில்லாமல் போகோணும், அவ்வளவுதான்."

எனக்கும் ஒரு செம்பு நீட்டினார். இந்த மாதிரி நம்பிக்கைகளை வகுப்பில் கிழி கிழியென்று கிழிக்கிறவள் நான். மடமடவென்று குடித்தேன்.

பிறகு அவர் வண்டி ஓட்டிய ஓட்டத்தை என் இடுப்பு இன்னும் மறக்கவில்லை. நாங்கள் மூதூருக்குப் போய்ச் சேர, லோஞ்சியின் கயிற்றைக் கழற்றியாயிற்று. கந்தப்பர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு துறை மேடையில் ஓடினார்.

"நானா! நில்லுங்கோ! என்ர மகள் கலாசாலைக்குப் போறாள்!"

துறையில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. லோஞ்சி ஓட்டும் முஸ்லிம் அண்ணரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்; அவர் சிரித்தபடி மறுபடி கரைக்கு அணைத்தார். "பெட்டிய இஞ்சால தாங்க. ஏறுங்க டீச்சர்."

ஆளுக்கு ஒரு ரூபாய். கொட்டியாரக் குடாவில் அன்று அலை அதிகம். இருவரும் தொப்பலாக நனைந்தோம். கந்தப்பர் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரம் கண்ணுக்குத் தெரிகிறவரை புவனேஸ்வரி மூதூரையே பார்த்திருந்தாள். கோணேசர் மலை தெரிந்ததும் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து, தலைமயிரைப் பிழிந்து கட்டினாள்.

பத்தரைக்குத் திருகோணமலைத் துறையில் இறங்கினோம். வாடகைக் கார்க்காரர் ஒருவர் ஓடிவந்தார்.

"எங்க போகோணும் பிள்ளை?"

சம்பூரென்றால் திரும்பிப்போய்த் தண்ணீர் குடிக்கவேண்டிய கேள்வி. நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்:

"கலாசாலைக்கு அண்ணை. நேரமில்லை, கெதியா விடுங்கோ."