திரையில் அழும் மகள்

ஒரு குழந்தை அழுவதைக் கேட்டு உங்கள் சட்டை நனைந்திருக்கிறதா? செவிலியர் கல்லூரி ஆசிரியை ஒருவருக்கு வகுப்பு நடுவிலேயே பால் சுரந்து நனைகிறது. சட்டென்று வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார்.

தொடுதிரையில் ஓடுவது அவரே உருவாக்கிய தாய்ப்பால் பாடம். மாணவி குழந்தையை விரலால் நகர்த்தித் தாயின் மார்பில் சேர்க்க வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, மோவாய் மார்பில் பதிந்தால் ‘களுக் களுக்’கென்று விழுங்கும் ஓசை வரும். காம்பை மட்டும் கொடுத்தால் குழந்தை வீறிடும். வீறிடுவது அவருடைய சொந்த மகள். பேறுகால விடுப்பின் கடைசி வாரத்தில் கைப்பேசியில் பதிந்த குரல்.

“திணிக்காதம்மா! அது என்ன பேனா மூடியா?” என்பார், திரும்பாமலே. வகுப்பு சிரிக்கும்.

‘ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே’ என்று பாடத்தின் தொடக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார். அவருக்குக் கிடைத்த விடுப்பு மூன்றே மாதம். மகளுக்கு இப்போது நாலரை. பால் எடுத்து வைக்க ஓர் அறை கேட்டார். “பாடம் வேற, நிர்வாகம் வேறம்மா” என்றார் முதல்வர், தாயும் சேயும் சிரிக்கும் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. மாடிக் கோடியில் ஓர் அறை உடைந்த நாற்காலிகளுக்காகப் பூட்டிக் கிடக்கிறது. நாற்காலிகளுக்கு இருக்கும் செல்வாக்கைப் பாருங்கள்! பெற்றவளோ கழிப்பறையில் நின்றபடி பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விடுகிறாள். முன்பு பகலில் இரண்டு வேளை பீய்ச்ச வேண்டியிருந்தது. இப்போது ஒரு வேளைக்கே சில சொட்டுகள்தான். அதுவும் நின்றுவிடுமோ என்பதுதான் அவருடைய பயம்.

“வேற குழந்தை அழுகையப் போட்டுடலாமே மேடம்? உங்களுக்குத்தான் கஷ்டம்” என்றாள் முதல் வரிசைக்காரி.

“பகல்ல எனக்கு அவ கிடைக்கிறதே இவ்வளவுதான்டி. அதையும் பிடுங்காத.”

நேற்று நாற்பது பேரும் வந்து நகர்த்தினார்கள். ஒருத்திகூடத் தப்புச் செய்யவில்லை. நாற்பது முறையும் களுக் களுக். “தேறிட்டீங்கடி எல்லாரும்!” என்று கைதட்டினார். குரலில் மட்டும் சுரத்து இல்லை.

மணி அடித்தது. வகுப்பு காலியானது. ஆசிரியை திரைக்கு முன் வந்து, குழந்தையை வேண்டுமென்றே தப்பாக வைத்தார். மகள் வீறிட்டாள். நனைகிறதா என்று குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை தப்பாக வைத்தார்.

உங்கள் அலுவலகத்திலும் உடைந்த நாற்காலிகளின் அறை ஒன்று இருக்கும். நாளைக் காலை போனதும் அதன் சாவியைக் கேளுங்கள்.