மூன்று பேர் திருகிய தோடு

லிட்டில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வேண்டிய இன்று காலை, குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம்.

என் இரண்டு வயது மகள் யாழினியின் இடது காது வீங்கி, தோட்டின் திருகாணி சதைக்குள் புதைந்துவிட்டது. மதுரையிலிருந்து சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு வந்து ஐந்து நாள்தான் ஆகிறது.

மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

தமிழ் நர்ஸ் கேட்டார்: “யாரு இவ்ளோ டைட்டா திருகினது?”

“நான்தாங்க. பயணத்துல கழண்டு விழுந்துடக் கூடாதுன்னு,” என்றாள் மனைவி.

“ஏர்போர்ட்ல நானும் ஒரு திருகு திருகினேன்,” என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இது புதுச் செய்தி.

அக்கா கொஞ்ச நேரம் சுவரில் இருந்த போஸ்டரைப் படித்தாள். பிறகு, “முந்தாநாள் குளிப்பாட்டும்போது லூசா இருந்த மாதிரி இருந்துச்சு லா,” என்று சிங்கப்பூர்ப் பேச்சில் இழுத்தாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. “இது காது லா, தண்ணிக் குழாய் இல்ல.”

பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஊசிக்கு மட்டும் அழுத யாழினி, கட்டுப் போட்டதும் தன் பொம்மைக்கும் ஒரு கட்டு கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தோட்டைச் சின்ன டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தார் நர்ஸ். தொலைந்துவிடக் கூடாதே என்று மூடியை இன்னொரு திருகு திருகினேன்.

நிமிர்ந்தால், மூன்று பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் வீட்டில் எத்தனை பேர் திருகுகிறீர்கள்?