எல்லைக்கும் தொகைக்கும் நடுவில்

சைகோனில் லெபேக் தொகையீடு என்னும் கணிதப் பாடத்தை நான் புத்தகத்திலிருந்துதான் கற்றேன். ராக்கெட்டுகள் விழத் தொடங்கியபின் கல்லூரியில் வகுப்புகள் நின்றுபோயின. வாய்மொழித் தேர்வு மட்டும் நிற்கவில்லை. அந்தப் பிரெஞ்சுப் புத்தகம் அவ்வளவு தெளிவானது. என் பயமும் அதுதான். திறந்திருந்தால் எல்லாம் புரிந்தது. மூடினால் எதுவும் என்னிடம் இல்லை.

தேறாவிட்டால் சொந்த ஊரான காரைக்காலுக்கு அனுப்பிக் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

தேர்வுக்கு முந்தைய நாள் சாப்பிடும்போது அண்ணன் ஆரம்பித்தான்.

"பரப்பளவு பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்தாச்சுல்ல? அதையே இன்னும் படிக்கிறியா?"

"அது நெட்டுக்க வெட்டி அளக்குறது. இது உயரத்த வெச்சுப் படுக்கையா அளக்குறது."

"பாத்துடி, மாமியார் வீட்டுல தோசையப் படுக்கையா அளந்துடாத."

அம்மா சிரித்தாள். நான் தட்டை நகர்த்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். அளவு பூச்சியமான இடங்களைப் பொருட்படுத்த வேண்டாம் என்றது புத்தகம். அன்று காலைதான் கால்வாய்க்கு அக்கரையில் ராக்கெட் விழுந்து ஒரே ஒரு வீடு போயிருந்தது. அந்த வரியைத் தாண்ட முடியாமல் திரும்பத் திரும்பப் படித்தேன்.

மறுநாள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைந்தார். அகலம் n-இல் ஒரு பங்கு, உயரம் n. n வளர வளரத் தொகை, அதாவது அதன் பரப்பு, எதை நெருங்கும் என்றார். ஒவ்வொரு புள்ளியிலும் சார்பு பூச்சியத்துக்குப் போகிறது. ஆகவே தொகையும் பூச்சியம் என்று எழுதினேன்.

"நிச்சயமாகவா, மத்மசெல்?"

எந்தத் தேற்றத்துக்கும் முன்பாக நிபந்தனைகளை எண் போட்டு எழுதுவது என் வழக்கம். பயத்தில் அதை விட்டிருந்தேன். இப்போது ஓரத்தில் எழுதினேன். ஒன்று: சார்புகள் அளக்கத் தக்கவை. இரண்டு: எல்லை உண்டு. மூன்று: எல்லாவற்றையும் மூடி நிற்கும், தொகை முடிவுள்ள ஒரு சார்பு...

அங்கே சாக்பீஸ் நின்றது. அப்படி ஒன்று இல்லை. செவ்வகம் ஒல்லியாகி உயர்கிறதே தவிர, பரப்பு குறையவே இல்லை.

"தொகை ஒன்று," என்றேன்.

"அப்படியானால் முதலில் எழுதியதை நீங்களே அழியுங்கள்," என்று துணியை நீட்டினார்.

தேறினேன், கடைசி இடங்களில் ஒன்றில். அப்பா முடிவை இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

"சரி, இந்த வருஷம் இல்லேன்னு எழுதிடுறேன்."

இந்த வருஷம் என்றுதான் சொன்னார். அன்று மாலையே மூன்றாம் ஆண்டுப் பாடத்தைத் திறந்தேன்.