தப்பாக வரைந்த இம்பெல்லர்

எனக்குப் பழிவாங்கும் புத்தி உண்டு. அதை மறைத்து நல்லவள் வேஷம் போடப் போவதில்லை.

துடியலூரில் வீட்டிலிருந்தபடியே பம்ப் பாகங்களைக் கணினியில் வரைந்து கொடுக்கிறேன். வேலையெல்லாம் ஒரு ஆன்லைன் தளம் வழியாகத்தான் வரும். அந்தத் தளத்தில் கடை விரித்த புதிதில், லேப்டாப் முன்னால் சிரிக்கும் வெள்ளைக்காரி ஒருத்தியின் படத்தை எங்கிருந்தோ எடுத்து முகப்பில் போட்டிருந்தேன். மூன்று மாதம் ஈ ஓட்டினேன். பிறகுதான் புத்தி வந்தது. வருகிறவருக்கு என் வேலை தெரிய வேண்டும், எவளோ ஒருத்தியின் பல் எதற்கு? நானே வரைந்த இம்பெல்லரை, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் அந்தச் சக்கரத்தை, வெள்ளைப் பின்னணியில் பெரிதாக வைத்தேன். ஃபோனில் கட்டைவிரல் அளவில் பார்த்தாலும் அதன் பிளேடுகளை எண்ணலாம். அந்த வாரமே விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து அதே படம் இன்னொருவர் பக்கத்தில் வந்தது. யாரென்று பார்த்தால், நான் முன்பு வேலை பார்த்த டிசைன் ஆபீஸின் மேலாளர், இப்போது தனியாகத் தொழில் நடத்துகிறவர். "இதென்ன கோலம் போடற வேலைங்களா அம்மணி?" என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டவர். 'ங்க' போட்டுத்தான் கேட்டார். எங்கள் ஊரில் செருப்பால் அடித்தாலும் மரியாதையாகத்தான் அடிப்பார்கள். திருடியதோடு விட்டாரா? அவர் படத்தை நான் திருடிவிட்டதாகத் தளத்துக்கு முந்திக்கொண்டு புகாரும் கொடுத்தார். என் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் எழுதியிருந்த நல்ல வார்த்தையெல்லாம் அதோடு போயிற்று. படம் என்னுடையது என்று பக்கம் பக்கமாக எழுதினேன், யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அழுது முடித்துவிட்டுப் புதுப் பக்கம் திறந்தேன். இந்த முறை இன்னும் அழகான இம்பெல்லர். பித்தளை மினுமினுப்பு, சுழலும் திசையைக் காட்ட ஒரு சிவப்பு அம்புக்குறி. அந்த அம்புக்குறிக்குப் பிளேடுகள் எந்தப் பக்கம் வளைய வேண்டுமோ, அதற்கு எதிர்ப்பக்கம் வளைத்தேன். கீழே விவரத்தில், 'படத்தில் வேண்டுமென்றே ஒரு தவறு வைத்திருக்கிறேன், கண்டுபிடித்தவர்கள் எழுதுங்கள்' என்று போட்டேன். மேலாளர் படத்தை எடுப்பார், எழுத்தைப் படிக்கமாட்டார். ஆபீஸிலும் அப்படித்தான், நாங்கள் வரைந்ததைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். நாலே நாளில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பம்ப் கண்காட்சியில் அவர் கடை போடுகிறார் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். ஆறடி ஃப்ளெக்ஸில் என் இம்பெல்லர் தொங்கியது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! காங்கேயத்துப் பக்கமிருந்து வந்திருந்த பம்ப் கம்பெனி முதலாளி ஒருவர் அதன் முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் பம்பு தண்ணிய மேல ஏத்துமுங்களா, இல்ல கெணத்துக்கே திருப்பி உட்டுருமுங்களா?"

சுற்றி நின்றவர்கள் ஃப்ளெக்ஸைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். கோயமுத்தூரில் பம்ப் தெரியாதவர் யார்? மேலாளரின் முகம் சுண்டிப்போனது. அப்போதுதான் கூட்டத்தில் என்னைப் பார்த்தார். தப்பித்தால் போதும் என்று என்னைக் கைகாட்டினார்.

"இது நான் வரைஞ்சதில்லீங்க. அந்த அம்மணி வரைஞ்சதுங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது இருபது பேர் கேட்க, அவர் வாயாலேயே வந்துவிட்டது.

"ஆமாங்க, நான்தான் வரைஞ்சேன்" என்றேன். "தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டேனுங்க. பாக்காம எடுக்கறவங்களுக்காக."

"சரியா வரைஞ்சது இருக்குங்களா, அம்மணி?" என்றார் முதலாளி. ஃபோனில் என் பழைய முகப்புப் படத்தைக் காட்டினேன். பிளேடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கம்பெனிக்கு வரச் சொன்னார்.

அதற்குள் மேலாளர் ஃப்ளெக்ஸை அவிழ்க்க ஸ்டூல் மேல் ஏறிவிட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாத்து அவுருங்க சார், கிழிச்சுப்போடாதீங்க. என்ற படமுங்க அது."