பழைய பதினாலா, புதிய பதினாலா?

குறை கண்டுபிடிப்பதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் வேலை என்னுடையது. தொகுதி மேம்பாட்டு நிதியில் போட்ட சாலை, கட்டிய நிழற்குடை, நட்ட விளக்குக் கம்பம் எல்லாம் காகிதத்தில் சொன்னபடி தரையிலும் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் 'தணிக்கைத் தடை' எழுத வேண்டும். அதை நான் ரசித்துத்தான் எழுதுவேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று வாயைத் திறந்தாலே, சமைத்த என் கணவர், "தடை எழுதிடு" என்பார்.

சில வருஷங்களுக்கு முன் மந்தைவெளியில் ஒரு கிளை நூலகத்துக்குக் கட்டிய சாய்தளத்தைப் பார்க்கப் போனேன். நூலக வாசலில் ஐந்து படிகள். சாந்தோம் பக்கம் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் அதே தெருவில் இருந்தார். சக்கர நாற்காலியில் உட்கார வேண்டி வந்தபின் அந்தப் படிகளை ஏற முடியாமல், மனு மேல் மனு போட்டு வாங்கிய சாய்தளம் அது. கோப்பில் எல்லாம் லட்சணமாக இருந்தது. அளவு, புகைப்படம், 'பணி முடிந்தது' என்ற குறிப்பு, எதற்கும் குறைவில்லை.

நூலகத்தில் ஐந்து படிகளும் அப்படியே இருந்தன. சாய்தளம் தெருக்கோடியில் ஒரு தையல் கடைக்குள் ஏறியது. பக்கத்தில் மஞ்சள் பலகை: 'நூலகச் சாய்தளம்'.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். போன் போட்டுக் கான்ட்ராக்டரை வரவழைத்தேன்.

"இன்னா மேடம் தப்பு? ஆர்டர்ல பதினாலாம் நம்பர்னு போட்டுகீது. கடை நம்பர் பதினாலு. கட்டிட்டேன்."

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இங்கே ஒவ்வொரு வாசலுக்கும் பழையது, புதியது என்று இரண்டு கதவு எண்கள். நூலகம் பழைய எண் பதினாலு, புதிய எண் முப்பத்தொன்று. கடைதான் புதிய பதினாலு. ஆணையில் பழையதா புதியதா என்று யாரும் எழுதவில்லை.

"நூலகம்னு போட்டிருக்கே, தையல் மெஷினைப் பார்த்ததும் சந்தேகம் வரலையா?"

"கவர்மென்ட் எதுக்குக் கட்டுதுன்னு நாம கேக்க முடியுமா மேடம்?"

அந்தப் பதிலில் மட்டும் என்னால் குறை காண முடியவில்லை.

சத்தம் கேட்டுத் தையல்காரர் வெளியே வந்தார். வீட்டில் உருது பேசுகிறவர். தமிழும் சரளமாகப் பேசுவார், படிக்கத்தான் வராது. "இடிச்சிடாதீங்க மேடம். டீச்சர் தினம் இந்த வழியாத்தான் ஏறி வராங்க. ஃபேன் காத்துல உக்காந்து படிக்கிறாங்க. நானே லைப்ரரிக்குப் போய் புக் எடுத்தாந்து தரேன்" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தால், சக்கர நாற்காலியில் டீச்சர், மடியில் ஒரு தடிப் புத்தகம். துணி வாங்குகிறவர்போல அட்டையைத் தடவிப் பார்த்துத்தான் தையல்காரர் புத்தகம் எடுப்பாராம்.

"கோழி வளர்ப்பு மட்டும் ரெண்டு தடவை படிச்சாச்சு" என்றார் டீச்சர். "அட்டை நல்ல அட்டை."

தையல்காரர் பெருமையாகச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள், 'சிறு முரண்பாடு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாமா என்று முதல் தடவையாக மனசு இளகியது. மூடினால் அதே வேலைக்கு மறுபடி நிதி கிடைக்காது, நூலகத்துக்குச் சாய்தளம் வரவே வராது. ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்: "டீச்சர், உங்களுக்கு இது போதுமா?"

அவர் புத்தகத்தை மூடினார். "இவர் தங்கமான மனுஷர். புத்தகம் என்கிட்ட வருது. நான் புத்தகத்துக்கிட்ட போகலையேம்மா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அங்கேயே, வெட்டுமேஜை ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்குத் தடை எழுதினேன்.

தடை தீராமல் அடுத்த வேலை கிடைக்காது என்பதால், கான்ட்ராக்டர் என்னைத் திட்டிக்கொண்டே தன் செலவில் நூலகத்துக்கு இன்னொன்று கட்டினார். பழையதை இடிக்கச் சோம்பல்பட்டுப் பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். தையல்காரருக்கு அதில் பரம திருப்தி.

மூன்று மாதம் கழித்துச் சரிபார்க்கப் போனேன். சரிவு சரியாக இருந்தது, கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளே அலமாரிகளுக்கு நடுவே டீச்சர். காலையில் நூலகம் திறந்ததும் வந்தவராம். ஒரு புத்தகத்தை உருவுவார், இரண்டு வரி படிப்பார், உதட்டைப் பிதுக்கித் திருப்பிச் செருகுவார். அடுத்தது.

"இன்னும் ஒண்ணும் பிடிக்கலையா டீச்சர்?" என்று கேட்டேன்.

"மத்தவங்க கொண்டுவந்து குடுத்ததைப் படிச்சே இத்தனை நாள் போச்சு. வேணாம்னு திருப்பி வைக்கிறதுல என்ன சுகம் தெரியுமா?"

மதியம் நூலகம் மூடும்வரை அதையே செய்தார். பிறகு ஒரு புத்தகமும் எடுக்காமல், தானே சக்கரத்தைப் பிடித்து உருட்டி, வாசலில் இறங்கி வீட்டுக்குப் போனார்.