என்ன கறி என்று கேட்டவர்

சண்டைக் காலத்தில் குண்டு வெடித்து கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை வரிசை வீடுகள் எரிந்தபின், மாதா கோயில் மண்டபத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அந்த நெருப்போடு போய்விட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை.

எங்களுக்குத் துணையாக இருக்க வெள்ளவத்தையிலிருந்து மெலிந்த, கண்ணாடி போட்ட ஒரு அம்மா பஸ்ஸில் வருவார். பாயில் உட்கார்ந்ததும், "இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பார்.

"அடுப்பே எரிஞ்சு போச்சு, இவ கறி கேக்கிறா!" என்று பக்கத்துப் பாய்க்காரி சிரித்தாள்.

அம்மா என்னைப் பார்த்தார். "அடுப்பு இருந்தா என்ன காய்ச்சுவீங்க, அக்கா?"

"கணவாய் மீன் கறி," என்றேன். "அவருக்கு நல்லா உறைக்க வேணும்." அதோடு அழுதுவிட்டேன்.

அம்மா என் கையை விடவில்லை. "எவ்வளவு மிளகாய்த்தூள் போடுவீங்க? தேங்காய்ப்பால் விடுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் அவரைக் கூப்பிட்டுச் சோறு போட எனக்கு இன்னும் ஆசை. வெள்ளவத்தையில் அவர் வீடு எந்தத் தெரு என்று கேட்க அன்றைக்குக் கூச்சமாக இருந்தது.